சாம்பல் விட்டிலின் எல்லை

என் கணவர் எனக்கு மட்டும் சொந்தமாக இருந்ததே இல்லை. பதிவு அலுவலகத்தில் கல்யாணக் கையெழுத்துப் போட அவர் குனிந்தபோது, சட்டைக் காலரில் நாலைந்து விட்டில் பூச்சிகள் உட்கார்ந்து படபடவென்று அடித்துக்கொண்டிருந்தன. பதிவாளர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "யாராவது அந்த ஜன்னலைச் சாத்துங்கப்பா" என்றார். "சாத்தினாலும் வரும் சார். பழகிடும்" என்றார் இவர். வந்திருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அந்தப் பூச்சிக்குச் சாம்பல் விட்டில் என்று பெயர். எங்கள் ஊரின் ஓரமாக ஓடும் ஆற்றைத் தாண்டினால் மலைக்காடு. அங்கே தடித்த பட்டை கொண்ட ஒரே ஒரு வகை மரத்தின் இலையைத்தான் அதன் புழு தின்னும். மரம் எங்கே முடிகிறதோ அங்கே பூச்சியும் முடிந்துவிடும். அதைவிட முக்கியமான விஷயம், பெட்டைக்குச் சிறகு இருந்தும் பறக்கத் தெரியாது. வயிறு நிறைய முட்டையோடு, வெள்ளையாக, கொழுகொழுவென்று பிறந்த மரத்திலேயே உட்கார்ந்திருக்கும். தன் வாசனையைக் காற்றில் விட்டுவிட்டு, மகாராணி சும்மா இருப்பாள். ஆண்கள்தான் மதிய வெயிலில் அந்த வாசனையைப் பிடித்துக்கொண்டு அலையும். நகராத பெண்களை வைத்துக்கொண்டு எந்த இனமும் ஊர் ஊராகப் பரவ முடியாது. அதனால் மலை முகட்டிலிருந்து ஆற்றங்கரை வரைதான் சாம்பல் விட்டிலின் உலகம். இக்கரையில் ஒன்றுகூடக் கிடையாது.

நானும் அவரும் வேலை பார்த்தது அந்த எல்லையைக் கண்காணிக்கிற அலுவலகத்தில். சுவரில் பெரிய வரைபடம், அதில் ஆற்றை ஒட்டி ஒரு சிவப்புக் கோடு. பூச்சி அந்தக் கோட்டைத் தாண்டிவிட்டால் ஊரிலும் தோப்புகளிலும் மருந்தடிக்க வேண்டிவரும். எங்கள் மேலதிகாரிக்கு உயிர், மூச்சு எல்லாம் அந்தக் கோடுதான். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் கோடு சார். அது அவருக்கும் தெரியும், காட்டிக்கொள்ள மாட்டார்.

வேலை இதுதான். மரங்களில் அட்டைப் பெட்டிகளைக் கட்டித் தொங்கவிடுவோம். உள்ளே பசை. நடுவில், பெட்டையின் வாசனையைச் செயற்கையாகச் செய்த மருந்தில் தோய்த்த ஒரு நூல். ஆசையாக வருகிற ஆண் பசையில் ஒட்டிக்கொள்ளும். அவர் பெட்டி கட்டுகிறவர். ஒட்டியதை இடுக்கியால் எடுத்து லென்ஸில் வைத்து, இது சாம்பல் விட்டிலா, அதன் ஜாடையில் இருக்கும் வேறு ஏதாவதா என்று பார்த்துச் சொல்கிறவள் நான். நான் சொன்னால் சொன்னதுதான். இந்த ஒரு விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு.

எங்கள் கல்யாணத்துக்கு முந்தைய வருஷம் மருந்து சின்னக் கண்ணாடிக் குப்பியில் வந்துகொண்டிருந்தது. குப்பியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு இவர் மரம் ஏறியிருக்கிறார். கிளை நெஞ்சில் அழுந்தி குப்பி உடைந்துவிட்டது. வேறு யாராக இருந்தாலும் நேரே ஆற்றில் போய் விழுந்திருப்பார்கள். இந்த மகானுபாவர், கொஞ்சம் பெட்டிதானே பாக்கி என்று அந்த ஈரச் சட்டையோடு சாயங்காலம் வரை வெயிலில் வேலை செய்திருக்கிறார். மருந்து தோலுக்குள் இறங்கிவிட்டது. எலுமிச்சை, மண்ணெண்ணெய், சலவைச் சோடா எல்லாம் போட்டுத் தேய்த்தும் போகவில்லை. நம் மூக்குக்கு ஒன்றும் தெரியாது. பூச்சிக்குத் தெரியும். ஒவ்வொரு கோடையிலும் ஆண் பூச்சிகள் அவரைத் தேடி ஆற்றைத் தாண்டி ஊருக்குள் வர ஆரம்பித்தன.

கோடு சார் தலையில் அடித்துக்கொண்டார். "உன் புருஷன் மேல உக்காந்ததை எல்லாம் படத்துல ஏத்திடாதம்மா, மேலிடத்துல நம்மளை வறுத்தெடுத்துடுவாங்க" என்றார். எங்கள் வீட்டுப் பூச்சி கணக்கில் சேராது என்பது அன்றிலிருந்து அலுவலகத்தின் எழுதாத சட்டம். அவருக்கு ஊருக்குள் பெட்டி கட்டுகிற வேலையும் தருவதில்லை.

நான் அந்தப் பூச்சிகளோடு சண்டையே போட்டிருக்கிறேன். மதியம் சாப்பிட உட்கார்ந்தால் போதும், அவர் கழுத்தடியில் வந்து உட்கார்ந்து, இறகு மாதிரி இருக்கிற கொம்பை ஆட்டிக்கொண்டு, இல்லாத பெட்டையைத் தேடும்.

"வந்துட்டாங்க பாருங்க மாப்பிள்ளைங்க, உங்களைப் பொண்ணு பாக்க."

"உனக்குப் பொறாமை."

"ஆமா, பொறாமைதான். இப்ப என்ன?"

அவர் சிரித்துக்கொண்டே சாப்பிடுவார். விளையாட்டுக்குச் சொன்னாலும் எனக்கு உண்மையாகவே பொறாமை இருந்தது.

போன மழைக்காலத்தில், பெட்டிகளை அவிழ்த்துக்கொண்டு வரக் காட்டுக்குப் போனவர் திரும்பவில்லை. ஆற்றின் மேல் இருந்த கம்பிப் பாலம் அறுந்து தொங்கியது. மழை விட்ட பிறகு, ஆறு வெகு தூரம் இழுத்துக்கொண்டு போய்ப் போட்ட ஓர் உடலைக் காட்டினார்கள். முகம் என்று சொல்ல எதுவும் மிச்சமில்லை. காலில் எங்கள் அலுவலகத்து பூட்ஸ் இருந்தது. அது எங்கள் ஆட்கள் எல்லாருக்கும் கொடுக்கிற பூட்ஸ். பழசானால் பாதிப்பேர் அக்கரையில் விறகு வெட்டுகிறவர்களுக்குக் கொடுத்துவிடுவார்கள். நான் பூட்ஸைப் பார்த்துத் தலையை ஆட்டினேன். அடக்கம் முடிந்தது.

வீட்டுக்கு வந்த பிறகு என் மாமியார், "செருப்பைப் பாத்து யாராவது பிள்ளையை அடையாளம் சொல்லுவாங்களா?" என்று கேட்டார்.

அத்தை தொலைபேசி நிலையத்தில் இணைப்புக் கொடுக்கிற வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எங்கள் தெருவுக்குப் பக்கத்துத் தெருவில், மாடி வீட்டில் தனியாக இருந்தார். முட்டி வலியால் கீழே இறங்குவது அபூர்வம். வெளியூரில் இருக்கும் என் நாத்தனார், "என்கூட வந்துடும்மா, அங்க யாரு இருக்கா உனக்கு" என்று வாரம் தவறாமல் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். அத்தையும் கொஞ்சம் கொஞ்சமாக மனசு இறங்கி, பாத்திரங்களைப் பழைய துணியில் சுற்றிப் பெட்டியில் அடுக்கிவிட்டார். அந்தச் சமயத்தில்தான் கோடை பிறந்தது.

ஒரு விடுமுறை நாள் மதியம் கட்டிலில் படுத்திருந்தேன். ஜன்னல் கண்ணாடியில் டொக், டொக் என்று சத்தம் கேட்டது. காற்று என்று நினைத்தேன். காற்றில்லை. கொஞ்சம் இடைவெளி விட்டு, மறுபடி டொக், டொக். எழுந்து போய்ப் பார்த்தால் சாம்பல் விட்டில், ஆண்.

வழக்கமாக இருந்தால் செருப்பைத் தேடியிருப்பேன். அன்றைக்கு ஜன்னலைத் திறந்துவிட்டேன். அது உள்ளே வந்து அறையை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, அவர் படுக்கிற பக்கத்துத் தலையணையில் இறங்கியது. கொம்பை ஆட்டி ஆட்டி மெதுவாக நடந்தது. யாரோ தலை வைத்துப் படுத்திருக்கிற இடத்தைச் சுற்றிப் போவது போல் ஓர் ஓரமாகவே நடந்தது. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது.

நான் ஒன்றும் பேயைப் பார்த்து வாயைப் பிளக்கிறவள் இல்லை. மருந்து துணியில் ஊறியிருக்கும் என்று எனக்குத் தெரியாதா? மறுநாளே அவருடைய சட்டை, போர்வை, தலையணை எல்லாவற்றையும் தகரப் பெட்டியில் அடைத்து, அக்கரையில் இருக்கிற அலுவலகக் கிடங்குக்கு, ரோட்டுப் பாலம் சுற்றிப் போகிற ஜீப்பில் அனுப்பிவிட்டேன். அறையைச் சோடா போட்டுக் கழுவினேன். புது மெத்தை வாங்கிப் போட்டேன். அடுத்த மதியம் மூன்று நான்கு பூச்சிகள் வந்தன. புது மெத்தையில், அதே இடத்தில் இறங்கின.

அந்த வாரம் அலுவலகத்தில் இன்னொன்று நடந்தது. அவர் போன பிறகு கோடு சார் இரக்கப்பட்டு, "நீ இனிமே ஆத்தைத் தாண்ட வேணாம்மா" என்று சொல்லி, ஊருக்குள் காவலுக்குக் கட்டியிருக்கும் பெட்டிகளைப் பார்த்து வருகிற வேலையை எனக்குக் கொடுத்திருந்தார். அந்தப் பெட்டிகளில் எப்போதும் ஈயும் எறும்பும்தான் கிடைக்கும். இந்தக் கோடையில் சாம்பல் விட்டில் கிடைத்தது. எல்லாப் பெட்டியிலும் இல்லை. பள்ளிக்கூடத்துப் பெட்டி, தண்ணீர்த் தொட்டிப் பெட்டி, மார்க்கெட் பெட்டி எல்லாம் காலி. பேருந்து நிலையத்து மரத்துப் பெட்டியிலும், நூலகத்து வாசல் பெட்டியிலும், பழைய தியேட்டர் பின்னால் இருக்கிற பெட்டியிலும் மட்டும் அப்பிக்கொண்டிருந்தன.

படத்தில் மூன்று ஊசி குத்தினேன். குத்திவிட்டுப் பின்னால் நகர்ந்து பார்த்தபோதுதான் மூன்றும் எங்கள் இடங்கள் என்று தெரிந்தது. பேருந்து நிலையத்துப் பெஞ்சில் உட்கார்ந்துதான் நாங்கள் டீ குடிப்போம். நூலகத்தில் அவர் பேப்பரை விளையாட்டுச் செய்தியிலிருந்து ஆரம்பித்துப் படிப்பார், நான் எதிரில் உட்கார்ந்து முறைப்பேன். பழைய தியேட்டரின் பின்பக்கத்துப் படிக்கட்டில்தான் முதன்முதலில் என் கையைப் பிடித்தார்.

அவர் உயிரோடு இருக்கிறார் என்று எனக்குப் பட்டது. அடிபட்டு நினைவு தப்பியிருக்கலாம். யாரையும் அடையாளம் தெரியாமல், கால் பழகிய இடங்களில் சுற்றிக்கொண்டிருக்கலாம். நாம் பார்க்காவிட்டால் என்ன, பூச்சி பார்க்கிறதே. பூட்ஸைப் பார்த்துத் தலையாட்டிய என்னைவிடப் பூச்சியின் சாட்சி எனக்குப் பெரிதாகத் தெரிந்தது.

கோடு சார் படத்தின் முன்னால் நின்று மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பெட்டை இருக்கா?"

"இல்ல சார்."

"முட்டை? புழு? கூடு?"

"ஒண்ணும் இல்ல. ஆண் மட்டும்தான்."

"அப்ப எல்லை நகரலைம்மா. பொறந்து, வளர்ந்து, குடும்பம் நடத்துற இடம்தான் அதோட இடம். ஆம்பளை வந்து அலைஞ்சிட்டுப் போறதெல்லாம் கணக்கில்லை." சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். "நல்லாத் தூங்கறியாம்மா நீ?"

"தூங்கறேன் சார்" என்றேன். பொய்தான்.

அன்றிலிருந்து பெட்டி பார்க்கிற சாக்கில் அந்த மூன்று இடங்களையும் சுற்றிச் சுற்றி வந்தேன். நூலகத்தில் அவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து, அவர் படிக்கிற பக்கத்தையே விரித்து வைத்து, வருகிறவர் போகிறவரைப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஒரு நாள் நான் போகும்போது அவர் நாற்காலியில் ஆள் இருப்பது போலவும், என் பழைய நாற்காலி மட்டும் காலியாக இருப்பது போலவும் ஒரு கலக்கம். எதிரில் அவருடைய நாற்காலியிலும் ஆள் இல்லைதான். ஆனால் சாய்மானத்தில், தோள் படுகிற உயரத்தில், சாம்பல் விட்டில்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. சிறகை மெதுவாக அடித்துக்கொண்டிருந்தன. அங்கே பேப்பர் படித்துக்கொண்டிருந்த ஒருவர் கூட நிமிர்ந்து பார்க்கவில்லை.

நான் என் நாற்காலியில் உட்கார்ந்தேன். வாயை அசைக்காமல், "ஏன் வீட்டுக்கு வரலை?" என்று கேட்டேன். பூச்சிகள் நாற்காலியை விட்டு எழுந்து, மேஜையைத் தாண்டி, என் பக்கம் வந்தன. என் கையில் ஒன்று, தோளில் ஒன்று. நான் கண்ணை மூடிக்கொண்டேன். சத்தியமாகச் சொல்கிறேன், அவர் எழுந்து மேஜையைச் சுற்றி வந்து என் பின்னால் நிற்கிறார் என்றே நினைத்தேன். திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

அத்தையிடம் சொல்லாமல் இருந்திருக்கலாம். என் வாய் சும்மா இருக்காது. ஒன்று விடாமல் சொன்னேன். அத்தை கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். தொலைபேசி நிலையத்தில் அப்படிக் கேட்டுக் கேட்டுப் பழக்கம். முடித்ததும், "நிஜமாத்தான் சொல்றியா?" என்றார்.

"நிஜமாத்தான் அத்தை. இந்தப் பூச்சி ஆத்தைத் தாண்டி எதுக்கு வரும்? அவரைத் தவிர வேற எதுக்கும் வந்ததில்லை."

அத்தை எழுந்துபோய்ப் பெட்டியைத் திறந்து, துணியில் சுற்றிய பாத்திரங்களை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைத்தார். நாத்தனாருக்குப் போன் போட்டு, "நான் வரலை. இங்க வேலை இருக்கு" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். அதற்குப் பிறகு மதியச் சாப்பாடு முடிந்ததும் ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிடுவார். தெருவில் போகிற ஒவ்வொரு செருப்புச் சத்தத்துக்கும் தலை திரும்பும்.

நான் தினமும் மதியம் ஒரு நடை போய் வருவேன். போய் உட்கார்ந்து கொஞ்ச நேரத்தில் பூச்சி வரும். முதலில் ஒன்று ஜன்னல் கம்பியில் தயங்கும். பிறகு உள்ளே வரும். பிறகு இன்னொன்று. அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டு குரலைத் தாழ்த்துவார்.

"கீழ நிக்கறான்டி. தெருவுல நிக்கறான். போய்ப் பாரு."

நான் மாடிப்படியில் விழுந்தடித்துக்கொண்டு ஓடுவேன். தெரு வெறிச்சென்று கிடக்கும். வெயில், பூட்டிய கதவுகள், எதிர் வீட்டுக் கொடியில் காய்கிற துணி. ஆள் கிடையாது. ஆனால் பூச்சிகள் அத்தையின் ஜன்னலிலிருந்து எனக்குப் பின்னால் இறங்கி வந்து, தெருவில் என்னைச் சுற்றிப் பறக்கும். இங்கேதான் எங்கேயோ இருக்கிறார் என்று நினைத்துக்கொள்வேன். மூலை வரை ஓடுவேன். மூலைக்கும் வரும். நான் போகிற இடத்துக்கெல்லாம் அவர் எனக்கு ஓர் அடி முன்னாலோ பின்னாலோ போய்க்கொண்டிருந்தார். "ஒளிஞ்சு விளையாடற வயசா இது?" என்று நடுத்தெருவில் கத்தியிருக்கிறேன். எதிர் வீட்டுக்காரி கொடித் துணியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

பேருந்தில்தான் எனக்கு உறைத்தது. தியேட்டர் பெட்டியைப் பார்த்துவிட்டு அலுவலகம் திரும்பிக்கொண்டிருந்தேன். பேருந்தில் கூட்டமில்லை. ஒரு நிறுத்தத்தில் நின்றபோது என் ஜன்னல் கண்ணாடிக்கு வெளியே ஒரு சாம்பல் விட்டில் முட்டிக்கொண்டிருந்தது. அவர் பேருந்துக்குள் இருக்கிறார் என்று பட்டென்று எழுந்து எல்லா முகத்தையும் பார்த்தேன். இல்லை. எதிர்ப்பக்கம் போய் உட்கார்ந்தேன். பூச்சி பேருந்தின் முன்னால் சுற்றிக்கொண்டு இந்தப் பக்கக் கண்ணாடிக்கு வந்தது. கடைசி இருக்கைக்குப் போனேன். பின்னால் வந்தது. நடத்துநர், "என்னம்மா, ஒரு இடத்துல உக்காருங்க" என்றார்.

நான் உட்காரவில்லை. மேற்கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் சொல்லித்தருகிற முதல் பாடம், மருந்து வைத்த பெட்டிக்குப் பக்கத்தில் மருந்தே இல்லாத வெறும் பெட்டி ஒன்றும் கட்ட வேண்டும் என்பது. பூச்சி எதற்கு வருகிறது என்று அப்போதுதான் தெரியும். இத்தனை நாளாக நான் வெறும் பெட்டி கட்டவே இல்லை. சட்டையைச் சந்தேகப்பட்டேன், மெத்தையைச் சந்தேகப்பட்டேன். பெட்டியைப் பார்க்கப் போகிற ஆளைப் பற்றி ஒருவரும் யோசிப்பதில்லையே.

அலுவலக நிறுத்தத்தில் இறங்காமல் பேருந்துப் பணிமனை வரைக்கும் போனேன். ஊரின் மறு கோடி. மரம் மட்டை ஒன்றும் கிடையாது. சிமெண்டுத் தரை, டீசல் கறை, ஓரமாகக் கழற்றிப் போட்ட டயர்கள். அவர் வாழ்நாளில் அங்கே காலை வைத்ததில்லை, நானும் வைத்ததில்லை. நட்டநடுவில் போய் நின்றேன். வராதே, வராதே என்று வாய்விட்டே சொன்னேன். பூச்சி வராவிட்டால், அது தேடுவது என்னை இல்லை, அவர் உயிரோடு இருக்கிறார். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

வெயில் சாயத் தொடங்கியபோது முதல் பூச்சி வந்தது. கூரைத் தகரத்துக்கு மேலே ஒரு புள்ளியாகத் தெரிந்து, இப்படியும் அப்படியும் அலைந்து, நேராக என் கழுத்தில் வந்து உட்கார்ந்தது. பிறகு இன்னொன்று. பிறகு எத்தனை என்று நான் பார்க்கவில்லை.

அத்தனை வருஷம் அவர் மேல் சாய்ந்து தூங்கியிருக்கிறேன். அவர் தோலில் இருந்தது என் தோலிலும் இறங்கியிருக்கிறது. அவர் இருந்த வரை பெரிய வாசனை அவரிடம் இருந்ததால் என்னிடம் எதுவும் வந்ததில்லை. கட்டிலில் அவர் படுக்கிற பக்கத்தில் மழைக்காலத்திலிருந்து படுத்துக்கொண்டிருந்தது நான். நூலகத்து நாற்காலியில் முந்தின நாள் வரை உட்கார்ந்திருந்தது நான். பெஞ்சிலும் படிக்கட்டிலும் போய் உட்கார்ந்து உட்கார்ந்து அழுதது நான். பள்ளிக்கூடத்துப் பெட்டியையும் மார்க்கெட் பெட்டியையும் ஒரு நொடி எட்டிப் பார்த்துவிட்டு வந்துவிடுவேன், அதனால் அங்கே ஒன்றும் இல்லை. நான் என்னையே துரத்திக்கொண்டு ஊரெல்லாம் ஓடியிருக்கிறேன். அந்த உடல் அவருடையதுதான். பணிமனை நடுவில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். பேருந்து கழுவிக்கொண்டிருந்தவர்கள் குழாயை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

கோடு சாரிடம் சொன்னேன். ஊசிகளை அவரே படத்திலிருந்து பிடுங்கினார். "இனிமே நீயும் கணக்குல சேர மாட்டேம்மா" என்றார். அவர் குரல் உடைந்திருந்தது.

அத்தையிடம் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. சுற்றி வைத்த பாத்திரத்தைப் பிரிக்க வைத்தவளே நான்தானே. மறுநாள் மதியம் போனேன். அத்தை ஜன்னலோரம் இருந்தார். வழக்கம் போல் பூச்சி வந்தது. "வந்துட்டான்" என்று முகம் மலர்ந்தது.

"அத்தை, அவர் வரலை. வர்றது எனக்குத்தான்."

பேருந்து, பணிமனை எல்லாம் சொன்னேன். சொல்லச் சொல்ல ஒரு பூச்சி என் முழங்கையில் ஏறி நடந்துகொண்டிருந்தது. நான் அதை எடுத்து அத்தையின் கையில் வைத்தேன். அது அங்கே ஒரு நொடிகூட நிற்காமல் என்னிடம் பறந்து வந்தது. அத்தை அதையே பார்த்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். இரண்டு அறை அறைந்தாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தேன்.

கையை மடியில் வைத்துக்கொண்டு, "பெத்தவ நான். என்கிட்ட வரலை பாரு" என்றார்.

"அத்தை..."

"உன்மேல எப்படி வந்துச்சு? பக்கத்துல படுத்ததாலயா?"

"ஆமா."

"அப்ப உன் பக்கத்துல படுத்தா என்மேலயும் வருமா?"

தெரியாது என்றேன். உண்மையிலேயே தெரியாது. அவரிடம் இருந்தது முழுக் குப்பி, என்னிடம் இருப்பது அதன் மிச்சம். மிச்சத்தின் மிச்சத்துக்கு எந்தப் பூச்சி வரும்? நாங்கள் படித்த எதிலும் அதற்குப் பதில் இல்லை. அத்தை அதற்குமேல் என்னைக் கேட்கவில்லை. கட்டிலில் ஓரமாக நகர்ந்து இடம் விட்டுப் படுத்தார். "வா" என்றார்.

என் வீட்டைப் பூட்டிவிட்டு அங்கேயே வந்துவிட்டேன். வேலை முடிந்து வந்ததும் அத்தை என் கையைத் தன் கழுத்தைச் சுற்றிப் போட்டுக்கொள்வார். நான் கட்டிக் கழற்றிய துணியை அவர் உடுத்திக்கொள்வார். முதலில் எனக்குக் கூச்சமாக இருந்தது. எங்கள் இருவருக்கும் கட்டிப்பிடித்துக்கொள்கிற பழக்கம் என்றைக்குமே இருந்ததில்லை. "தள்ளிப் போகாதடி, ஒட்டிப் படு" என்று தூக்கத்திலும் இழுப்பார். முகத்தை என் தோளில் வைத்து மூச்சை உள்ளே இழுப்பார். ஒன்றும் மணக்காது என்று அவருக்குத் தெரியும். இருந்தும் இழுப்பார். எங்களுக்கு மேலே, உத்தரத்தில், பூச்சிகள் சிறகை விரித்துக் காத்துக்கொண்டிருக்கும். அந்த அறையில் எனக்குப் பயமாகவும் இருந்தது, வேறெங்கேயும் போகவும் பிடிக்கவில்லை.

கோடை முடியப் போகிற நேரம். காட்டிலேயே பூச்சி குறைந்துவிட்டது. ஒரு மதியம் அத்தை எழுந்து, முகத்தைக் கழுவாமல், ஜன்னலோரம் போய் உட்கார்ந்தார்.

"நீ கீழ போ. தூரமாப் போய் நில்லு."

"வேணாம் அத்தை. வரலைன்னா..."

"வரலைன்னா வரலை. போ."

தெருமுனை வரை போய், அதையும் தாண்டி, பூட்டிய கடை ஒன்றின் வாசலில் நின்றேன். அங்கிருந்து பார்த்தால் அத்தையின் ஜன்னலும், கம்பிக்கு வெளியே நீட்டியிருந்த கையும் தெரிந்தன. நெடுநேரம் எதுவும் வரவில்லை. பிறகு கூரைகளுக்கு மேலே ஒன்று வந்தது. சிறகு கிழிந்துபோன கடைசிக் காலத்துப் பூச்சி. தடுமாறித் தடுமாறி என்னிடம்தான் வந்தது. என் தோளில் உட்கார்ந்தது.

"இங்க இல்ல. அங்க போ" என்றேன். தட்டிவிட்டேன். திரும்ப வந்தது. சேலைத் தலைப்பை எடுத்துச் சுழற்றினேன். "போ, சனியனே, ஒரே ஒரு தடவை போ" என்று அதனிடம் கெஞ்சினேன். காற்று மாறியதோ என்னவோ, அது எழும்பி, தெருவின் நடுவில் ஒரே இடத்தில் நின்று அடித்துக்கொண்டது. பிறகு ஜன்னல் பக்கம் திரும்பியது. கம்பியைத் தொட்டது. அத்தையின் மணிக்கட்டில் இறங்கியது.

அத்தை கத்தவில்லை, என்னைக் கூப்பிடவும் இல்லை. நீட்டிய கையை அப்படியே வைத்துக்கொண்டு, அதன் மேல் குனிந்து, உதடு அசைய ஏதோ பேசிக்கொண்டிருந்தார். எனக்கு ஓடிப்போய்ப் பக்கத்தில் நிற்க வேண்டும் போல் இருந்தது. ஆனால் நான் போனால் அது அவரை விட்டுவிட்டு என்னிடம் வந்துவிடும். வெயில் இறங்கும் வரை தெருமுனையிலேயே நின்றேன்.